ஃபியூஷன் காலத்து ஜாஸ்: லைவ் ரெக்கோடிங்கில தொடங்கிறதோ, ஸ்ரூடியோ அல்பத்தில தொடங்கிறதோ?

கிளிநொச்சி_ஒக்டபாட்

வணக்கம் அண்ணாக்கள் அக்காக்கள். நான் இங்க ஒரு இசைக்குழுவில ஒக்டபாட் (குச்சியால அடிக்கிற இலத்திரனியல் தாளப் பலகை) அடிக்கிறனான், திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விழா எண்டு சீசன் முழுக்க ஓட்டம்தான். புரோகிராம் முடிஞ்சு வந்து படுக்கேக்க போன்ல ஜாஸ் கேக்கிறது இப்ப பழக்கமாப் போச்சு. ட்ரம்பெற்காரர் மைல்ஸ் டேவிஸின்ர 1959 அல்பம் கைண்ட் ஒஃப் ப்ளூவை மனப்பாடமாகிற அளவுக்குக் கேட்டிட்டன், அதில ஜிம்மி கொப் ஆரவாரமே இல்லாம ஒரு சிம்பலை வச்சே முழுப் பாட்டையும் கொண்டு போற விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இப்ப அதுக்குப் பிறகு வந்த காலத்துக்குள்ள இறங்கவேணும், அதாவது மின்சாரக் கிற்றாரும் கீபோட்டும் வந்து சேர்ந்த ஃபியூஷன் காலமும் அதுக்கு இங்கால வந்ததுகளும். ஆனா எங்க கையை வைக்கிறதெண்டு தெரியேல்லை. மைல்ஸின்ர பிச்சஸ் ப்ரூ அல்பத்தைப் போட்டன், முதல் உருப்படியே 20 நிமிசம், எந்த இடத்தில தொடங்கி எந்த இடத்தில மாறுது எண்டு பிடிபடேல்லை, ஆனா விட்டிட்டுப் போகவும் மனமில்லை, அதுக்குள்ள ஏதோ ஒண்டு இழுக்குது. கூட அடிக்கிற அண்ணா ஒராள் சொன்னார் இந்தக் காலத்துச் சாமானெல்லாம் லைவ்லதான் கேக்கவேணும் ஸ்ரூடியோவில செய்ததெல்லாம் வெட்டி ஒட்டினது எண்டு. உண்மையோ? அப்பிடியெண்டா எந்தெந்த லைவ் ரெக்கோடிங்? தாளக்காரன் எண்டபடியா ட்ரம்ஸ் ஆர் வாசிக்கினம் எண்டதையும் சேத்துச் சொன்னியளெண்டா பெரிய உதவி.

முல்லைத்தீவு_மிருதங்கம்

தம்பி, உங்களுக்குத் தாளம் கையில இருக்கு. ஆனபடியா மைல்ஸைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வச்சிட்டு சக்தியில இருந்து தொடங்குங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

சக்தி எண்டது ஜோன் மக்லாஃப்லின் எண்ட ஆங்கிலேயக் கிற்றார்காரர் எங்கட ஆக்களோட சேர்ந்து உண்டாக்கின குழு. எல். சங்கர் வயலின், ஜாகிர் ஹுசைன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், முதல் அல்பத்தில மட்டும் ராம்நாட் ராகவன் மிருதங்கம். அந்த முதல் அல்பமே லைவ்தான், 1975 யூலை 5ஆம் திகதி நியூயோர்க் லோங் ஐலண்டில ஒரு கொலிஜில வாசிச்சதை அப்பிடியே பிடிச்சு 1976 இல வெளியிட்டவை. மொத்தம் மூண்டே மூண்டு உருப்படி. முதலாவது ஜோய், தொடங்கின கையோட வயலினும் கிற்றாரும் ஒரே ஓட்டத்தில சேர்ந்து ஓடுற வேகத்தைக் கேளுங்கோ, ஒரு மயிரிழை விலகாது. மூண்டாவது கிட்டத்தட்ட அரை மணித்தியாலம், அதில தாளவாத்தியங்கள் தங்களுக்குள்ள கதைக்கிற இடத்துக்கு வரேக்க கையால போட்டுக் கணக்குப் பாருங்கோ. ட்ரம் செற் இல்லை, பேஸ் கிற்றாரும் இல்லை, ஆனா அடி குறையுது எண்டு ஒருக்காலும் தோணாது, கடத்தின்ர வாயை வயித்தோட சேத்தும் எடுத்தும் விநாயக்ராம் எடுக்கிற அந்தக் கீழ்ச் சத்தமே போதும்.

இன்னொண்டும் சொல்லவேணும், எங்கட பக்கத்தில கனபேருக்கு இது தெரியாது. எல். சங்கர் சின்ன வயசில யாழ்ப்பாணத்தில வளர்ந்தவர். தகப்பன் லக்ஷ்மிநாராயணா அங்க சங்கீதம் படிப்பிச்சவர், தமையன் எல். சுப்ரமணியமும் அங்கதான் வயலின் பழகினவர். 1958 இனக்கலவரத்தோட குடும்பமா எல்லாத்தையும் விட்டிட்டு இந்தியாவுக்குப் போனவை. ஃபியூஷன் எண்டு உலகம் கதைக்கிற அந்தக் காலத்தின்ர நடுவில யாழ்ப்பாணத்தில வில்லுப் பிடிச்ச கை ஒண்டு இருக்கு எண்டு நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு நிறையும், என்னட்டைப் படிக்க வாற பிள்ளையளுக்கு நான் முதல் சொல்லுறதே இதைத்தான்.

மக்லாஃப்லினும் சும்மா வந்து ஒட்டிக்கொண்ட ஆளில்லை. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில டொக்டர் எஸ். ராமநாதனிட்ட வீணை படிச்சவர். சக்திக்கெண்டே தனியா ஒரு கிற்றார் செய்விச்சவர், மேல வாசிக்கிற தந்தியளுக்குக் குறுக்கால சுருதித் தந்தியள் போட்டு, கமகம் இழுக்கிறதுக்காக விரல் பலகையைக் குடைஞ்சு பள்ளமாக்கி. அது கையில இருக்கேக்க அந்த மனுசன் வாசிக்கிறதைப் பாத்தா வீணைப் பிடி தெரியும்.

மாங்குளம்_சவுண்ட்

அக்கா சொன்னதில எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனா தம்பியின்ர கேள்வியில பாதிக்கு இன்னும் மறுமொழி வரேல்லை, வெட்டி ஒட்டினது எண்டா என்ன, அது குறையோ எண்டது. நான் சவுண்ட் செய்யிற ஆள், அந்தப் பக்கத்தால சொல்லுறன்.

வெட்டி ஒட்டினது உண்மைதான். மைல்ஸின்ர தயாரிப்பாளர் டியோ மசெரோ, ஆக்கள் மணிக்கணக்கா வாசிச்ச ரேப்பை எடுத்து பிளேட்டால வெட்டி வேணுமெண்ட இடத்தில ஒட்டினவர். 90களில கரண்டில்லாம சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோ சுத்திப் பாட்டுக் கேட்ட எங்கட வயசு ஆக்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை, அறுந்த கஸற் நாடாவைச் செலோரேப் போட்டு நாங்களும் ஒட்டினனாங்கள்தானே, அதே வேலைதான், ஆனா அவர் அறாத நாடாவை வேணுமெண்டு அறுத்தவர்.

இதை வடிவா விளங்கவேணுமெண்டா பிச்சஸ் ப்ரூக்கு முதல் மைல்ஸின்ர இன் எ சைலண்ட் வே அல்பத்தைக் கேளுங்கோ. 1969 பெப்ரவரி 18, ஒரே நாளில பிடிச்சது, மூண்டு பேர் கீபோட்: ஹேர்பி ஹன்கொக், சிக் கொரியா, ஜோ சவினுல். மக்லாஃப்லின் அப்பதான் அமெரிக்காவுக்கு வந்து இறங்கின புதுசு. மொத்தமே 40 நிமிசத்துக்கு உள்ளதான். ரெண்டாம் பக்கம் தொடக்கத்தில சவினுலின்ர மெட்டு ஒண்டு மெதுவா வரும், நடுவில தாளம் ஏறி ஓடும், பிறகு கடைசியில அந்த மெட்டு திரும்ப வரும். திரும்ப வாசிக்கேல்லை, அதே ரேப் துண்டைத்தான் கொப்பி எடுத்துக் கடைசியில ஒட்டியிருக்கு! முதல் பக்கமும் அப்பிடித்தான், தொடக்கத்தில வந்த பகுதியே முடிவிலயும் வருது. கேக்கிறவனுக்கு எங்கயோ போய் வீடு வந்து சேர்ந்த மாதிரி ஒரு நிறைவு வரும், அந்த நிறைவு கத்திரிக்கோலால வந்தது. அதை நான் குறையெண்டு சொல்லமாட்டன், மசெரோ செய்தது சாகித்தியம் செய்யிற வேலைதான், வாத்தியத்துக்குப் பதிலா பிளேட்டால செய்தவர். அதில டோனி வில்லியம்ஸ் ட்ரம்ஸ், தம்பி. பொங்கி எழும்பக்கூடிய மனுசன் கிட்டத்தட்ட முதல் பக்கம் முழுக்க ஹைஹாட்டை (காலால மூடித் திறக்கிற சோடிச் சிம்பல்) பிடிச்சுக்கொண்டு அடக்கி நிக்கிறார், அது எவ்வளவு கஸ்ரம் எண்டு உங்களுக்குத் தெரியும்.

பிச்சஸ் ப்ரூ அதே வருசம் ஓகஸ்ட் 19 தொடங்கி மூண்டு நாள், 1970 இல ரெட்டை எல்பியா வந்தது. பேஸ் வாசிக்கிற ஆக்களே ரெண்டு பேர், ட்ரம்ஸும் ரெண்டு செற், லெனி வைட்டும் ஜாக் டிஜோனெட்டும், ஒராள் இடப்பக்கம் மற்றாள் வலப்பக்கமாப் பிரிச்சு வச்சிருக்கு. இதை நீங்கள் படுத்திருந்துகொண்டு போன் ஸ்பீக்கரில கேட்டா ரெண்டும் ஒண்டாக் குழம்பி ஒரே இரைச்சலாத்தான் வரும், பேஸ் வரவே வராது, பென்னி மோபினின்ர பேஸ் கிளாரினற் அடியில பாம்பு மாதிரி ஊருறது துப்பரவாக் கேக்காது. பிடிபடேல்லை எண்டதுக்குப் பாதிக் காரணம் இதாத்தான் இருக்கும். வயர் உள்ள ஒரு சாதாரண ஹெட்செற் போதும், அதைப் போட்டுக்கொண்டு திரும்பக் கேட்டுப் பாருங்கோ.

புதுக்குடியிருப்பு_ரொறன்ரோ

நான் கொஞ்சம் முரண்படப்போறன், அக்கா கோவிக்கக்கூடாது. சக்தி அருமையான சாமான், ஆனா ஜாஸுக்குள்ள இறங்க நினைக்கிற எங்கட பெடியனை சக்தியில கொண்டுபோய் விட்டா அவன் தனக்குத் தெரிஞ்ச வீட்டு முத்தத்திலயே நிண்டிடுவான். தெரியாத இடத்துக்குப் போகத்தானே கேக்கிறான். லைவ் வேணுமெண்டா மைல்ஸின்ர லைவ்தான், அதிலயும் 1970 தொடக்கம் 75 வரைக்கும்.

தம்பி, ரெண்டு இடம் சொல்லுறன். ஒண்டு செலர் டோர். 1970 டிசம்பரில வாஷிங்டனில ஒரு சின்ன கிளப்பில நாலு இரவு வாசிச்சது. கீத் ஜாரெட் மின்சாரக் கீபோட், ட்ரம்ஸ் டிஜோனெட், பேஸ் மைக்கல் ஹெண்டர்சன், கடைசி இரவு மட்டும் மக்லாஃப்லினும் வந்து ஏறினவர். அந்த ரேப்புகளில துண்டு துண்டா எடுத்து, அதோட ஸ்ரூடியோவில செய்ததையும் கலந்துதான் லைவ்-ஈவில் எண்ட அல்பம் 1971 இல வந்தது. பிறகு 2005 இல 6 சிடியில வெட்டாத கச்சேரியளை வெளியிட்டவை. ரெண்டையும் பக்கத்தில வச்சுக் கேட்டா உங்கட கேள்விக்கு உங்கட காதே மறுமொழி சொல்லும், மசெரோ எதை எடுத்தவர் எதை விட்டவர் எண்டு. நான் குளிர்காலத்தில வேலைக்கு ட்ரெயினில போய் வரேக்க இதைத்தான் மாறி மாறிக் கேட்டனான், எனக்கு வெட்டாததுதான் பிடிச்சது, ஹெண்டர்சன் ஒரே ஒரு பேஸ் வரியைப் பிடிச்சுக்கொண்டு அசையாம நிக்க டிஜோனெட் அதைச் சுத்தி என்னவெல்லாம் செய்யிறார் எண்டதுக்கு நேரம் வேணும், வெட்டினா அந்த நேரம் போயிடும்.

மற்றது அகார்த்தா, பங்கேயா எண்ட மைல்ஸின்ர ரெண்டு லைவ் அல்பம். 1975 பெப்ரவரி 1, ஜப்பான் ஒசாகாவில ஃபெஸ்டிவல் ஹோல், பின்னேரக் கச்சேரி அகார்த்தா, இரவுக் கச்சேரி பங்கேயா. ஒரே நாள், ஒரே ஏழு பேர், ஆனா ரெண்டும் ரெண்டு உலகம். மைல்ஸ் அப்ப உடம்பு சரியில்லாம இடுப்பு வருத்தத்தோட நிண்டவர், ட்ரம்பெற்றை வா-வா பெடலுக்குள்ளால விட்டு, இடைக்கிடை ஓர்கனில சாய்ஞ்சு கையை வைப்பார், முழுக் குழுவும் டக்கெண்டு நிண்டு திரும்ப எழும்பும். பீற் கோசி எண்ட கிற்றார்காரர் வாசிக்கிறது கிற்றாரோ என்னெண்டு முதல் கேக்கேக்க விளங்காது. ட்ரம்ஸ் அல் ஃபொஸ்ரர். ஹைஹாட்டைத் திறந்து வச்சு விடாம அடிக்கிற அந்தச் சத்தம்தான் முழுக் கச்சேரிக்கும் கூரை. இதுக்குப் பிறகு மைல்ஸ் கன வருசம் வாத்தியத்தையே தொடேல்லை, திரும்பி வந்தது 1981 இலதான், அப்பவும் ட்ரம்ஸுக்கு அல் ஃபொஸ்ரரைத்தான் கூப்பிட்டவர்.

மக்லாஃப்லின் வேணுமெண்டா சக்திக்கு முதல் மகாவிஷ்ணு ஓர்கஸ்ட்ரா, அதில பில்லி கொபம் ட்ரம்ஸ். அவையின்ர பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர் அல்பம் 1973, முதல் பாட்டு 18 மாத்திரைக் கணக்கு. அக்கா, இது உங்களுக்குமாத்தான் சொல்லுறன்.

முல்லைத்தீவு_மிருதங்கம்

கோவமில்லைத் தம்பி, ஆனா "வீட்டு முத்தம்" எண்டதை நான் ஏற்கமாட்டன். சக்தியில வாற கணக்குத் தெரிஞ்சதா இருக்கலாம், அங்க நடக்கிற கேள்வி-பதில் எங்கட கச்சேரி மேடையில இல்லாதது. எங்கட மேடையில பாட்டுக்காரருக்குப் பின்னாலதான் தாளக்காரர், தனி ஆவர்த்தனம் வரும்வரைக்கும் காத்திருக்கவேணும். சக்தியில ஆரும் ஆருக்கும் பின்னால இல்லை, ஆர் எப்ப முன்னுக்கு வருவினம் எண்டு அந்த இடத்திலதான் முடிவாகுது. அது ஜாஸ் குடுத்தது. அதே காலத்தில மைல்ஸின்ர ஒன் த கோர்னரில பாதல் ரோய் தபேலா வாசிச்சிருக்கிறார், 1972, கேட்டிருக்கிறன், நல்ல வாசிப்பு, ஆனா அங்க தபேலா அந்தப் பெரிய சத்தத்துக்குள்ள ஒரு நிறம் மட்டும்தான். சக்தியில அதுதான் அத்திவாரம்.

இந்த ஊரில பிறந்த ஆளுக்கு இன்னொரு வழியும் இருக்கு. வற்றாப்பளைப் பொங்கல், புதூர்ப் பொங்கல் எண்டு விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது எங்கட காது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின்ர தவில் பழைய ரெக்கோடிங்குகள் இணையத்தில கிடக்கு, அதை ஒருக்காக் கேட்டிட்டு உடன பில்லி கொபத்தைக் கேளுங்கோ, வலது கையும் இடது கையும் ரெண்டு வேற ஆக்களின்ர மாதிரிப் பிரிஞ்சு வேலை செய்யிறதை ரெண்டிலயும் கேப்பியள். சார்ளி மரியானோ எண்டு ஒரு அமெரிக்கச் சக்ஸபோன்காரர் நாதஸ்வரமே பழகி வாசிச்சவர். கர்நாடக சங்கீதத்தைச் சக்ஸபோனில வாசிச்ச எங்கட கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பா எண்ட ஜாஸ் சக்ஸபோன்காரரும் சேர்ந்து 2008 இல கின்ஸ்மென் எண்டு ஒண்டு செய்திருக்கினம், கன்னியாகுமரி அம்மாதான் வயலின். ஒரே வாத்தியம் ரெண்டு பேரின்ர கையில ரெண்டு பாஷை கதைக்குது.

மகாவிஷ்ணு 18ஐ நேற்றிரவு போட்டுப் பாத்தன். நல்லாத்தான் இருக்கு.

கிளிநொச்சி_ஒக்டபாட்

எல்லாருக்கும் நன்றி, உண்மையா இவ்வளவு வரும் எண்டு எதிர்பாக்கேல்லை. ஹெட்செற் போட்டுக் கேட்டன் சவுண்ட் அண்ணை, ரெண்டு ட்ரம்ஸும் ரெண்டு பக்கத்தால வருது, இப்ப பிச்சஸ் ப்ரூ வேற சாமான்! ஜோயை எங்கட குழுவில கீபோட் வாசிக்கிறவனுக்கும் போட்டுக் காட்டினன், அவன் வாயே திறக்கேல்லை. அகார்த்தாவில அல் ஃபொஸ்ரரின்ர ஹைஹாட் இப்பவும் காதுக்குள்ள நிக்குது, ஒக்டபாட்டில அப்பிடித் திறந்த சத்தத்தை விரலுக்கு விரல் கூட்டிக் குறைக்க ஏலாது, அதால பழைய ட்ரம் செற் ஒண்டு ஆரும் விக்கினமோ எண்டு தேடத் தொடங்கிட்டன்.

இப்ப காலத்தில இருக்கிற ஆக்களில ஆர் இப்பிடி லைவா பிடிக்கினம்?

வவுனியா_கீஸ்

நான் சேர்ச்சில கீபோட் வாசிக்கிறனான், அதால என்ர கண் முழுக்க அந்தப் பக்கம்தான்.

இப்ப காலம் எண்டா ஸ்னார்கி பப்பி எண்ட குழுவின்ர வி லைக் இற் ஹியர் அல்பம், 2014 இல வந்தது. நெதர்லாந்தில உட்ரெக்ட் எண்ட இடத்தில ஸ்ரூடியோவுக்குள்ளயே ஆக்களைச் சுத்தி இருத்தி எல்லாருக்கும் ஹெட்போன் குடுத்து அவையின்ர முன்னால வாசிச்சுப் பிடிச்சது. ஸ்ரூடியோச் சுத்தமும் இருக்கு, ஆக்கள் முன்னுக்கு இருக்கிற சூடும் இருக்கு. வீடியோவும் இருக்கிறபடியா தாளக்காரருக்கு நல்ல பாடம். ட்ரம்ஸ் லார்னல் லூயிஸ், ரொறன்ரோ ஆள், பாட்டுகளைப் பிளேனில வரேக்க கேட்டுப் பழகிக்கொண்டு வந்தவராம். லிங்கஸ் எண்ட பாட்டில கோரி ஹென்றியின்ர கீபோட் சோலோ வரேக்க லார்னலின்ர முகத்தையும் பாருங்கோ. கோரி ஹென்றியும் சேர்ச்சில ஓர்கன் வாசிச்சு வளர்ந்த ஆள்தான், எங்கட பிள்ளையளுக்கு நான் அடிக்கடி சொல்லுறது.

ட்ரம்ஸே இல்லாத ஒண்டையும் கேளுங்கோ அண்ணா, கீத் ஜாரெட்டின்ர கோல்ன் கொன்சேட், 1975 ஜனவரி 24. செலர் டோரில வாசிச்ச அதே ஜாரெட்தான், ஆனா மின்சார வாத்தியத்தை விட்டிட்டு தனியப் பியானோவோட இருக்கிறார். கேட்ட பியானோ வரேல்லை, வேற ஒரு சின்னப் பழுதான பியானோ, மேல் சுரம் தகரம் மாதிரி, கீழ பேஸ் இல்லை, பெடலும் சரியில்லை. வாசிக்கமாட்டன் எண்டு நிண்ட மனுசனைக் கெஞ்சி இருத்தினது அந்தக் கச்சேரியை ஒழுங்கு செய்த பதின்ம வயசுப் பிள்ளை வேரா பிராண்டஸ். அதால அவர் முழுக்க நடுப் பகுதிக் கட்டைகளிலயே நிண்டு, இடக்கையில ஒரே வளையத்தைத் திருப்பித் திருப்பி அடிச்சு பேஸ் இல்லாத குறையை நிரப்புறார். ஊரில ரெண்டு மூண்டு கட்டை வேலை செய்யாத கீபோட்டில பூசைக்கு வாசிக்கிற எனக்கு அதின்ர அருமை தெரியும், இருக்கிற கட்டைக்குள்ள பாட்டைக் கண்டுபிடிக்கிறது ஒரு தனி வேலை.

மற்றது ஹேர்பி ஹன்கொக்கின்ர ஹெட் ஹண்டர்ஸ் அல்பம், 1973. கமிலியன் எண்ட பாட்டில தொடக்கத்தில வாற பேஸ் வரி பேஸ் கிற்றார் இல்லை, ஹன்கொக் சிந்தசைசரில வாசிக்கிறது. உங்கட கீபோட் பெடியனுக்கு இதைக் குடுங்கோ.

மாங்குளம்_சவுண்ட்

தங்கச்சி ஸ்னார்கி பப்பியைச் சொன்னது நல்லதாப் போச்சு, நான் சொல்லவந்ததும் அதோட சேருது. லைவ் ஒரு பக்கம் ஸ்ரூடியோ ஒரு பக்கம் எண்டு கோடு கீறிப் பாக்கிறதை விடுங்கோ தம்பி. வெதர் ரிப்போட் எண்ட ஃபியூஷன் குழுவின்ர 8:30 எண்ட அல்பம், 1979, ஜாகோ பஸ்ரோரியஸ் பேஸ், பீற்றர் எர்ஸ்கின் ட்ரம்ஸ், லைவ் எண்டுதான் எல்லாரும் கொண்டாடுறது, நானும் கொண்டாடுறன், ஆனா நாலாவது பக்கம் ஸ்ரூடியோவில செய்தது. அவையின்ரயே ஐ சிங் த பொடி இலெக்ட்ரிக், 1972, ஸ்ரூடியோ அல்பம் எண்டு வாங்கினா ரெண்டாம் பக்கம் டோக்கியோக் கச்சேரியில இருந்து வெட்டி எடுத்தது. மூண்டு கிற்றார்காரர் சேர்ந்த ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ, மக்லாஃப்லின், அல் டி மியோலா, பாகோ டி லூசியா, 1980 டிசம்பர் 5 கச்சேரி, அதிலயும் கடைசி உருப்படி ஸ்ரூடியோ. ஆனபடியா மட்டையில எழுதியிருக்கிறதைப் பாக்காம, எந்த நாள், எந்த இடம், ஆர் வெட்டினது, வெட்டாத ரேப் பிறகு வந்ததோ எண்டு தேடிப் பாருங்கோ. செலர் டோருக்கு ரொறன்ரோத் தம்பி சொன்ன மாதிரி.

அகார்த்தாவை ஹெட்செற்றில கேட்டது காணாது. என்னட்ட 15 இஞ்சி ஸ்பீக்கர் பொக்ஸ் சோடி சும்மா கிடக்கு, இந்த மாசம் புரோகிராம் குறைவு. ஒரு பின்னேரம் மாங்குளம் வந்தியளெண்டா போட்டுக் கேப்பம், கீபோட் பெடியனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

கிளிநொச்சி_ஒக்டபாட்

வாறம் அண்ணை, ஞாயிறு எங்களுக்கு ஒண்டும் இல்லை. பென்ரைவில போட்டுக்கொண்டு வரட்டோ, இல்லை உங்களிட்ட சிடி இருக்கோ?

மாங்குளம்_சவுண்ட்

அகார்த்தா சிடி இருக்கு. நீங்கள் செலர் டோரைப் பென்ரைவில கொண்டுவாங்கோ, குறைஞ்ச எம்பி3 வேண்டாம், பொக்ஸில போட்டா சிம்பல் எல்லாம் தண்ணி மாதிரிக் கேக்கும், ஃபிளாக் (தரம் குறையாத ஃபைல்) இருந்தா அதைக் கொண்டுவாங்கோ. மூண்டு மணிக்கு முதல் வந்தியளெண்டா ரெண்டையும் கேக்கலாம்.